மண்சரிவும் ஆமோஸின் தராசும்

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்து, இப்போது குன்னூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். சென்ற மழையில் அவர்கள் பகுதியில் நள்ளிரவில் மண் சரிந்து, ஒரு வீட்டின் பின்சுவர் விழுந்ததில், உறங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரும் அவருடைய பேத்தியும் இறந்துபோனார்கள். அடுத்த வாரம் நடந்த ஜெபக்கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த ஒரு பேச்சாளர் ஆமோஸ் 5-ஆம் அதிகாரத்தின் 18 முதல் 20 வரையுள்ள வசனங்களை வாசித்து, நடந்தது இந்த ஊரின் மேல் வந்த கர்த்தருடைய நியாயத்தீர்ப்பு என்று பேசினாராம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார். தம்பி கேட்டவை மூன்று: அந்தத் தீர்க்கதரிசனம் யாரைப் பற்றியது? அது அந்தக் காலத்தோடு முடிந்தது என்றால் இன்று நமக்கு அதில் என்ன இருக்கிறது? வருகிற வியாழக்கிழமை அதே வீட்டில் தாம் ஜெபம் நடத்த வேண்டியிருக்கிறது; அங்கே ஆமோஸை வாசிக்கலாமா, கூடாதா?

தம்பி, அந்தப் பேச்சாளர் எடுத்த வசனத்தில் பிழை இல்லை. அதை யாரை நோக்கி நீட்டினார் என்பதில்தான் பெரும் பிழை இருக்கிறது. ஆமோஸின் புத்தகம் ஒன்பது அதிகாரங்கள்தான். ஒரு மாலையில் வாசித்து முடித்துவிடலாம். முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்த எவரும் அந்த மூன்று வசனங்களைப் பிய்த்தெடுத்துப் பிள்ளையை இழந்த தாயின் முன்னால் வைக்கமாட்டார்கள். ஆகவே முதலில் அந்தப் புத்தகத்துக்குள் உங்களை அழைத்துப் போகிறேன், பிறகு நம் சரிவுக்கு வருவோம்.

ஆமோஸ் தெக்கோவா என்னும் ஊரைச் சேர்ந்தவர். எருசலேமுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில், கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேலே, வனாந்தரத்தின் விளிம்பில் இருக்கும் மலையூர் அது. "நான் மந்தை மேய்க்கிறவனும், காட்டத்திப்பழங்களைப் பொறுக்குகிறவனுமாயிருந்தேன்" என்று அவரே சொல்கிறார். காட்டத்தி அந்த உயரத்தில் வளராத மரம். தாழ்வான பள்ளத்தாக்குகளில்தான் அது காய்க்கும், பழத்தைக் கீறிவிட்டால்தான் நன்றாகப் பழுக்கும். அப்படியானால் அந்த மனிதர் பருவத்துக்குப் பருவம் மலையிலிருந்து இறங்கிப் போய் வேலை செய்து திரும்பியவராக இருந்திருக்க வேண்டும். வேலை தேடி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி ஏறும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவரை வறிய கூலிக்காரர் என்று சிலர் வருணிப்பார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். முதல் வசனத்தில் மேய்ப்பர் என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் எபிரெயச் சொல், ஏராளமான ஆடுகளை வைத்திருந்த மோவாபின் ராஜா மேசாவுக்கும் பயன்பட்டிருக்கிறது. ஆனால் ஒன்று உறுதி: அவர் தீர்க்கதரிசனத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். கையில் தராசும் நிறைகல்லும் புழங்கும் சந்தையை நேரில் கண்டவர்.

அவர் போய்ப் பேசிய இடம் தெற்கே இருந்த தம் சொந்த யூதா அன்று, வடக்கே இருந்த இஸ்ரவேல் ராஜ்யம். காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இரண்டாம் யெரொபெயாம் ஆண்டுகொண்டிருந்தான். வடக்கிலிருந்து அச்சுறுத்திவந்த தமஸ்கு, அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பு அசீரியரிடம் அடிபட்டு ஒடுங்கிப்போயிருந்தது. அசீரியாவோ தன் உள்நாட்டுத் தொல்லைகளில் சிக்கி மேற்கே வராமல் இருந்தது. இரண்டு பகைவர்களும் ஓய்ந்திருந்த அந்த இடைவெளியில் இஸ்ரவேலின் எல்லை விரிந்தது, வியாபாரம் பெருகியது. தந்தக் கட்டில்களில் படுத்துக்கொள்கிறவர்களை ஆமோஸ் கண்டிப்பதை வாசிக்கும்போது அது ஆவேசத்தில் வந்த மிகை என்று தோன்றலாம். ஆனால் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவைத் தோண்டிய ஆய்வாளர்கள், மரச்சாமான்களில் பதித்திருந்த செதுக்கிய யானைத்தந்தத் துண்டுகளை நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள். 1910-இல் அதே மேட்டில் கிடைத்த எழுத்துள்ள ஓட்டுச்சில்லுகளில், எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு பழைய திராட்சரசமும் எண்ணெயும் வந்தன என்ற கணக்கு இருக்கிறது. அதாவது, கிராமத்துத் தோட்டங்களிலிருந்து மேட்டிலிருந்தவர்களின் வீட்டுக்குப் பொருள் ஏறி வந்த பாதையே பதிவாகியிருக்கிறது.

கோயிலும் நிரம்பி வழிந்தது. இதை மறந்துவிட்டால் ஆமோஸ் புரியாது. அந்த ராஜ்யத்தின் ஆராதனை இடமான பெத்தேலில் பலிகள் நடந்தன, தசமபாகம் வந்தது, கீதவாத்தியம் ஒலித்தது, ஓய்வுநாள் ஆசரிக்கப்பட்டது. விசுவாசம் குளிர்ந்துபோன ஜனத்துக்கு அவர் பேசவில்லை. நெரிசலான ஆராதனைக்கு நடுவே பேசினார்.

அவர் பேச்சை அமைத்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். முதலிரண்டு அதிகாரங்களில் "மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும்" என்று தொடங்கி, தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றிலுமுள்ள பகைவர்களை ஒவ்வொருவராகக் குற்றம் சாட்டுகிறார். கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்திருக்கும். பிறகு யூதா வருகிறது. சொந்தச் சகோதரன் என்றாலும் போட்டியாளன், அதற்கும் தலையசைத்திருப்பார்கள். சுற்றிச் சுற்றி வந்த கண்ணி கடைசியில் இஸ்ரவேலின் மேல் விழுகிறது. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வசனங்கள், அவர்களுக்கோ அதிகாரத்தின் மீதிப் பகுதி முழுவதும். அங்கே சொல்லப்படும் குற்றங்கள் எவை? நீதிமானைப் பணத்துக்கும் எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றது. அடகாக வாங்கிய வஸ்திரத்தை விரித்துப் பலிபீடத்தின் அருகே படுத்தது. ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் சூரியன் அஸ்தமிக்கும் முன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமத்தின் சட்டம், ஏனென்றால் இரவுக் குளிருக்கு அவனுக்கிருக்கும் போர்வை அது ஒன்றுதான். ஜனவரியில் உறைபனி விழும் இரவில் கம்பளி இல்லாமல் கிடந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் கனிவு தெரியும். அந்தப் போர்வையின் மேல் படுத்துக்கொண்டு ஆராதனை செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு.

இப்போது உங்கள் பேச்சாளர் எடுத்த வசனத்துக்கு வருவோம். "கர்த்தருடைய நாளை விரும்புகிறவர்களுக்கு ஐயோ!" என்று அது தொடங்குகிறது. விரும்புகிறவர்களுக்கு என்ற சொல்லை அவர் அழுத்தினாரா என்று நினைத்துப் பாருங்கள். அந்த நாள் வந்தால் தேவன் எழும்பி எங்கள் பகைவர்களை முறியடிப்பார், நாங்கள் வெளிச்சத்தில் நிற்போம் என்று ஜனங்கள் நம்பிக் காத்திருந்தார்கள். அது வெளிச்சமாயிராமல் அந்தகாரமாயிருக்கும் என்கிறார் ஆமோஸ். அதற்கு அவர் தரும் உவமை நம் மலைக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது: சிங்கத்துக்குத் தப்பினவன் கரடியின் எதிரே போய் நிற்கிறான், அல்லது வீட்டுக்குள் வந்து சுவரில் கைவைத்ததும் பாம்பு கடிக்கிறது. எண்ணெய் வாசனைக்குக் கடைக் கதவையும் கோயில் கதவையும் உடைக்கும் கரடிகளைக் கோத்தகிரிப் பக்கத்தில் எல்லோரும் அறிவோம். அந்தி சாய்ந்தபின் தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் வருகிறவன், புதரில் ஏதோ அசைவது கேட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்து, கதவைச் சாத்தித் தாழிட்டு, மூச்சு வாங்கச் சுவரில் கையை ஊன்றுகிறான். இனி ஆபத்தில்லை என்று அவன் எண்ணும் அந்த ஒரு கணத்தைத்தான் ஆமோஸ் பிடிக்கிறார். வெளியே இருப்பதுதான் ஆபத்து, உள்ளே இருக்கிற நாம் பத்திரம் என்று நினைத்த பக்தர்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. அதை எடுத்து வெளியே இருப்பவர்களின் மேல் எறிகிறவர், தாம் எந்தச் சுவரில் கைவைத்திருக்கிறார் என்று பார்க்கவில்லை.

உங்கள் முதல் கேள்விக்கு, யாரைப் பற்றியது என்பதற்கு, எட்டாம் அதிகாரம் இன்னும் நுணுக்கமாகப் பதில் சொல்கிறது. ஆமோஸ் ஒரு கூடை பழுத்த பழங்களைக் காண்கிறார். எபிரெயத்தில் கோடைப்பழத்துக்குக் கயிட்ஸ், முடிவுக்குக் கேட்ஸ். பழத்தின் பெயரைச் சொன்ன வாய் மூடுவதற்குள், முடிவு வந்தது என்ற வார்த்தை வருகிறது. யாருக்கு முடிவு? அமாவாசி எப்போது முடியும், ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து தானியம் விற்கலாமே என்று ஆராதனையில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. மரக்காலைக் குறைத்து, நிறைகல்லைக் கூட்டி, கள்ளத்தராசினால் வஞ்சித்து, பதரையும் சேர்த்து விற்றவர்களுக்கு.

எனக்கு இந்த வசனம் ஏட்டிலிருந்து மட்டும் வந்ததில்லை. என் அம்மா கொழுந்து பறித்தவர். எனக்கு ஏழு எட்டு வயதிருக்கும்போது, பள்ளி விட்டதும் இலை நிறுக்கும் இடத்துக்கு ஓடிப்போய் அவர் வரிசையில் நிற்பேன். கொட்டகையின் குறுக்கு மரத்தில் கொக்கியோடு ஒரு வில்தராசு தொங்கும். சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் முள் ஒரு முறை கீழே இறங்கி நடுங்கும். நிறுப்பவர் அது நிற்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார். பிறகு சாக்குக்கென்று ஒரு கழிவு, இலை ஈரத்துக்கென்று ஒரு கழிவு. மழைக்காலத்தில் ஈரத்துக்குக் கழிப்பதில் நியாயம் இருக்கலாம். வெயில் காய்ந்து இலை சுருளும் பிப்ரவரியிலும் அதே கழிவு இருந்தது. அம்மா எதுவும் கேட்கமாட்டார். கீழே இறங்கி வரும்போது முந்தானைக்குள் விரல்களை மடக்கி மடக்கி, அன்று எத்தனை கிலோ காணாமற்போயிற்று என்று எண்ணிக்கொண்டே வருவார். நிறுத்தவர் எங்கள் ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பவர், அழகாக வாசிப்பார். அவர் பெயரோ தோட்டத்தின் பெயரோ இங்கே அவசியமில்லை. கள்ளத்தராசு என்ற சொல்லை எங்கே வாசித்தாலும் அந்த முள் நடுங்குவது என் கண்ணுக்கு முன் வருகிறது என்பதற்காகவே சொன்னேன்.

இங்கே நீங்கள் ஓர் எதிர்க்கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கள்ளத்தராசைச் சொன்ன கையோடு, இதினிமித்தம் தேசம் அதிராதோ என்று எட்டாம் வசனத்தில் ஆமோஸ் கேட்கிறாரே? புத்தகத்தின் முதல் வசனமே, பூமியதிர்ச்சி உண்டாக இரண்டு வருஷத்துக்கு முன் கண்ட தரிசனம் என்றுதானே காலம் குறிக்கிறது? ஆம். அந்த அதிர்ச்சி சிறியதன்று. மிக நெடுங்காலத்துக்குப் பிறகும், யூதாவின் ராஜா உசியாவின் நாட்களில் ஜனங்கள் பூமியதிர்ச்சிக்குத் தப்பி ஓடியதை சகரியாவின் புத்தகம் நினைவுகூர்கிறது. ஆத்சோர் என்னும் பழைய நகரத்தைத் தோண்டியவர்கள், அந்த நூற்றாண்டுக்குரிய அடுக்கில் சாய்ந்த சுவர்களையும் இடிந்த கூரைகளையும் கண்டு, அதை இந்த அதிர்ச்சியோடு சேர்த்துப் பேசியிருக்கிறார்கள். ஆகையால் நிலம் அசைவதற்கும் தேவனுடைய நியாயத்துக்கும் தொடர்பே இல்லை என்று ஆமோஸை வைத்துக்கொண்டு நாம் சொல்ல முடியாது.

ஆனால் அந்த முதல் வசனத்தில் இருக்கும் "முன்னே" என்ற சொல்லில் நில்லுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னே அவர் பேசினார். தராசு கையில் இருந்தவர்களைப் பார்த்து, அவர்கள் பிழைத்துத் திருந்த இன்னும் நாள் இருந்தபோது, குற்றம் இன்னதென்று பெயர் சொல்லிப் பேசினார். சுவர் விழுந்த பிறகு, பிணம் எடுத்த பிறகு, செத்தவர்கள் ஏன் செத்தார்கள் என்று காரணம் சொல்ல வந்தவர்கள் வேதத்தில் வேறொரு இடத்தில் இருக்கிறார்கள். யோபுவின் சிநேகிதர்கள் அவர்கள். யோபுவின் பிள்ளைகள் மேல் வீடு விழுந்து இறந்தார்கள். பில்தாத் வந்து, உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்ற பொருளில் பேசுகிறான். கடைசியில் கர்த்தர் அந்தச் சிநேகிதர்கள் மேல்தான் கோபம் மூளுகிறது என்கிறார். முன்னே, பலவானை நோக்கிச் சொல்லப்படும்போது தீர்க்கதரிசனமாக இருக்கும் அதே வாக்கியம், பின்னே, அடிபட்டவரை நோக்கிச் சொல்லப்படும்போது பில்தாத்தின் பேச்சாகிவிடுகிறது. உங்கள் கேள்வி முழுவதற்கும் நான் தரும் பதிலின் மையம் இதுதான்.

நான்காம் அதிகாரம் கொஞ்சம் கடினம், அதை மறைக்க மாட்டேன். அங்கே பஞ்சம், மழையில்லாமை, பயிரின் கருக்கல், கொள்ளைநோய் என்று நடந்துமுடிந்தவற்றைக் கர்த்தர் தாமே அனுப்பியதாக எண்ணிச் சொல்கிறார். "ஆகிலும் நீங்கள் என்னிடத்தில் திரும்பாமற்போனீர்கள்" என்ற வரி ஐந்து முறை வருகிறது. உபாகமம் 28-ஆம் அதிகாரத்தை வாசித்திருப்பீர்கள். அந்தத் தேசத்தையும் அந்த ஜனத்தையும் கட்டிய உடன்படிக்கையில் மழையும் விளைச்சலும் நிபந்தனைகளாக எழுதப்பட்டிருந்தன. அந்த உடன்படிக்கையை நம் இஷ்டத்துக்கு எடுத்து, நீலகிரியின் ஒரு லைன் வீட்டின் மேல் பொருத்த நமக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை. அதோடு, அங்கேயும் ஆமோஸ் ஒரு குறிப்பிட்ட வீட்டைக் காட்டி, இவன் செத்தது இவன் பாவத்தால் என்று எங்கும் சொல்லவில்லை. அதிகாரத்தின் தொடக்கத்தில் அவர் கூப்பிட்டு நிறுத்துவது, தரித்திரரை ஒடுக்கி எளியவர்களை நொறுக்குகிற சமாரியாவின் செல்வச் சீமாட்டிகளை.

ஆண்டவராகிய இயேசுவிடமே இதே கேள்வி வந்தது. லூக்கா 13-இல், சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரை அவர் நினைவூட்டுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரிலும் அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்லவென்று தாமே மறுக்கிறார். மறுத்த உடனே, நீங்கள் மனந்திரும்பாமற்போனால் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்புகிறார். இறந்தவர்களைக் குறித்து ஒரே சொல், அதுவும் அவர்களைக் காக்கும் சொல். உயிரோடு நின்றவர்களுக்குத்தான் எச்சரிப்பு. ஆமோஸின் கண்ணி சுற்றிவந்து கேட்கிறவர் மேல் விழுந்ததுபோலவே இதுவும் விழுகிறது. பேதுருவும், நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவக்குங்காலமாயிருக்கிறது என்று எழுதினார்.

இன்னொன்றையும் பேச்சாளர் விட்டுவிட்டார். ஏழாம் அதிகாரத்தில் வெட்டுக்கிளிகள் பயிரைத் தின்றுதீர்க்கும் தரிசனத்தைக் கண்டபோது ஆமோஸ் செய்தது என்ன? கர்த்தராகிய ஆண்டவரே, மன்னித்தருளும் என்று கெஞ்சினார். யாக்கோபு திரும்ப யாராலே எழுந்திருப்பான், அவன் சிறுத்துப்போனான் என்றார். கர்த்தர் மனஸ்தாபப்பட்டு, அப்படி ஆவதில்லை என்றார். அக்கினியின் தரிசனத்திலும் இதே மன்றாட்டு, இதே பதில். தம்மை ஊரைவிட்டு ஓடச் சொன்ன ஜனத்துக்காக, தம் சொந்த நாடுகூட இல்லாத தேசத்துக்காக, அவர் இரண்டு முறை குறுக்கே நின்றிருக்கிறார். மூன்றாவதாகத் தூக்குநூல் வருகிறது. கொத்தனார் குண்டை இறக்கிப் பார்த்தால் சுவரின் வயிறு தள்ளியிருப்பது மறைக்கமுடியாமல் தெரியும் அல்லவா, அதற்குப் பிறகுதான் அவர் மன்றாட்டு நின்றுபோகிறது. அழாத தீர்க்கதரிசி என்று ஒருவரை வேதத்தில் தேடினால் யோனாதான் கிடைப்பார், அவரையும் கர்த்தர் கடிந்துகொண்டார்.

சொன்னபடி நடந்ததா என்றால், நடந்தது. கி.மு. 745-இல் மூன்றாம் திக்லாத்பிலேசர் அசீரிய அரியணை ஏறியதும் அந்த இடைவெளி மூடிக்கொண்டது. 722-இல் சமாரியா விழுந்தது. 27,290 பேரைச் சிறைபிடித்துக் கொண்டுபோனதாக அசீரிய ராஜா சர்கோனின் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. அந்த வகையில் தீர்க்கதரிசனம் தன் காலத்திலேயே நிறைவேறிற்று. இன்றைய புயலுக்கும் போருக்கும் அதில் தேதி தேடுவது வீண் வேலை. ஆனால் தப்பிப்பிழைத்த யூதா அந்தச் சுருளை எறிந்துவிடவில்லை, தன் பரிசுத்த நூல்களோடு வைத்துக்கொண்டது. அண்டை நாட்டான் கெட்டான் என்று மகிழ்வதற்காக வைத்துக்கொண்டிருந்தால், யூதாவையும் கண்டிக்கும் வரிகளை வெட்டியிருப்பார்கள். நம்மையும் இது அளக்கும் என்று தெரிந்தேதான் காத்தார்கள். இரண்டாவது கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

அளக்கட்டும், தம்பி. நம் மலையை அது எப்படி அளக்கிறது என்று பார்ப்போம். 2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் சரிவுகள் இறங்கி 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த மண் நீரை ஓரளவுதான் குடிக்கும். அதற்குமேல் உள்ளே நீர் தேங்கினால், பாரமும் அழுத்தமும் ஏறி, பிடிப்பு விட்டுப்போகிறது. சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் மழை மெல்ல இறங்கி, மார்ச் மாதத்திலும் ஓடையாகக் கசியும். சரிவைச் செங்குத்தாக வெட்டி, வடிகாலை அடைத்து, மேலே கட்டடத்தின் பாரத்தையும் ஏற்றினால் அதே மழை வேறுவிதமாக இறங்குகிறது. யார் வெட்டினார்கள், யார் கீழே குடியிருந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் ஒரே ஆள் விடையாக இருப்பதில்லை. 1964-இன் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்திறங்கிய நம் ஜனங்களில் எத்தனை குடும்பங்கள், வேறு எவரும் வேண்டாம் என்று விட்ட ஓடைக்கரையிலும் வெட்டுமேட்டின் அடியிலும் வீடு போட்டார்கள் என்பதை நீங்கள் உங்கள் தாத்தாவிடம் கேட்டிருப்பீர்கள். "நீங்கள் பொளிந்த கல்லுகளால் வீடுகளைக் கட்டினீர்கள்" என்று ஆமோஸ் சொல்லும்போது, அவர் விரல் மேட்டிலிருக்கும் வீட்டை நோக்கியே நீள்கிறது. நம் சரிவில் அவர் வந்து நின்றிருந்தால் கீழே இடிந்து கிடந்த வீட்டைப் பார்த்துப் பேசியிருப்பார் என்று என்னால் எண்ணமுடியவில்லை.

நான் இதை மற்றவர்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆலயத்துக்கு வளாகம் கட்டியபோது நான் குழுவில் இருந்தேன். தடுப்புச்சுவர் எழுப்பி, முற்றத்துக்குக் கான்கிரீட் போட்டு, கூரைத் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் சேர்த்து ஒரு குழாயில் வெளியே விட்டோம். குழாய் எங்கே திறக்கிறது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை, பிரதிஷ்டை அன்று ஐந்தாம் அதிகாரத்தின் 24-ஆம் வசனத்தைத்தான் பதாகையில் எழுதியிருந்தோம்: "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது." அந்த ஐப்பசி மழையில் கீழ்வரிசை வீட்டு அம்மா ஒருவர் குடையும் இல்லாமல் ஏறிவந்து, கோயில் தண்ணீர் என் சமையலறைச் சுவரில் விழுகிறது ஐயா என்றார். போய்ப் பார்த்தேன். குழாயின் வாய்க்கு நேர் கீழே மண் ஒரு முழ ஆழத்துக்கு அரித்திருந்தது, சுவரின் அடியில் கை நுழையும் அளவுக்கு இடுக்கு விழுந்திருந்தது, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஓடைவரை வடிகால் கட்ட இரண்டு மாதக் காணிக்கைப் பணம் போயிற்று. கூரைக்கு வைத்திருந்த பணம் என்று சிலருக்கு வருத்தம். அந்த மழையில் அந்தச் சுவர் விழுந்திருந்தால், எங்கள் மேடையிலும் யாராவது வந்து நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசியிருக்கலாம். அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று நான் பல இரவுகள் எண்ணியிருக்கிறேன்.

ஆகவே இன்று இந்தத் தீர்க்கதரிசனத்தை எடுத்துக்கொள்ள வேண்டிய இடங்கள் உங்களுக்கே தெரியும்: இலை நிறுக்கும் கொட்டகை, வட்டிக்கணக்கு எழுதும் நோட்டு, சரிவை வெட்டக் கையெழுத்திடும் மேசை, ஆலயக் குழுவின் வரவுசெலவு. அங்கே நாம் பேசத் தொடங்கினால், பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா ஆமோஸிடம் சொன்னதையே நம்மிடமும் யாராவது சொல்வார்கள்: இங்கே பேசாதே, உன் ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள். "ஒருவேளை" கர்த்தர் இரங்குவார் என்று ஐந்தாம் அதிகாரத்தில் ஆமோஸ் ஒரு சொல் வைத்திருக்கிறார். தண்டனையை இவ்வளவு உறுதியாகப் பேசியவர் இரக்கத்துக்கு அந்த இடத்தைத் திறந்தே விட்டிருப்பதால்தான், இன்னும் விழாத சுவர்களின் அருகே நின்று நாமும் துணிந்து பேசலாம்.

கடைசியாக வியாழக்கிழமை. அந்த வீட்டில் ஐந்தாம் அதிகாரத்தைத் திறக்காதீர்கள். அவர்கள் காதில் அது இன்னும் அந்த மனிதருடைய குரலில்தான் கேட்கும். ஆமோஸே வேண்டும் என்றால் ஏழாம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களை வாசியுங்கள், விளக்கம் சொல்லாமல் நிறுத்திவிடுங்கள். "மன்னித்தருளும்" என்ற மன்றாட்டை ஜெபிக்கும் நாம் நம்மைக் குறித்தே ஜெபிக்கலாம். ஒன்பதாம் அதிகாரத்தின் முடிவில் விழுந்துபோன கூடாரத்தைத் திரும்ப எடுப்பிப்பேன் என்று வருகிறது; அது அருமையான வாக்கு, அப்போஸ்தலர்கள் கூடிய எருசலேம் ஆலோசனைக் கூட்டத்தில் யாக்கோபு எடுத்துச் சொன்னது. ஆனாலும் அதை இப்போது வாசிக்க வேண்டாம் என்பது என் எண்ணம், அந்தத் தாய்க்கு அதைக் கேட்க இன்னும் நாள் ஆகும். பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், பெரியவரின் பெயரையும் சொல்லுங்கள். அந்தப் பேச்சு தவறு என்று சபையின் சார்பில் அந்தத் தாயிடம் நேராக ஒரு வாக்கியம் சொல்லவேண்டியிருக்கிறது; அதைச் சொல்ல வயதில் மூத்தவர் ஒருவர் வந்தால் நல்லது என்று நீங்கள் நினைத்தால், நான் கோத்தகிரியிலிருந்து நாலரை மணி பஸ்ஸில் ஏறி வருகிறேன். வரும்போது அந்த வரிசை வீடுகளின் பின்னால் மேலிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று வெளிச்சம் இருக்கும்போதே ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். ஒரு டார்ச் லைட்டும் எடுத்து வையுங்கள்.